அடிச் சிலிண்டர்

ட்ரேயில் தேங்கியிருந்த எண்ணெயின் மேல் ஆடை கட்டியிருந்தது.

காய்ச்சிய பால் ஆறினால் கட்டுமே, அப்படி ஓர் ஆடை. வெளிறிய மஞ்சள், ஓரத்தில் சுருக்கம், நடுவில் லேசான பளபளப்பு. பழைய விமான என்ஜினுக்கு அடியில் ட்ரே வைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் வட்ட என்ஜின் என்றால் ஒழுகத்தான் செய்யும். ஒழுகுவது நின்றால்தான் பயப்பட வேண்டும், உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என அருங்காட்சியகக் கொட்டகையில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் ஒழுகிய எண்ணெய் கறுத்திருக்கும், இல்லையென்றால் தேன் நிறத்தில் இருக்கும். ஆடை கட்டாது. அவள் குனிந்து, ஸ்க்ரூடிரைவர் நுனியால் அதைத் தொட்டாள்.

ஆடை சுருங்கியது.

தூங்குகிறவன் கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் தோல் வெட்டி இழுக்கும், அதுபோல ஓர் இழுப்பு. பிறகு மெல்ல விரிந்து பழையபடி படுத்துக்கொண்டது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் குனிந்து பார்த்தாள். ஆடை முழுவதும் நுணுக்கி நுணுக்கிக் குத்தியதுபோல் துளைகள். வியர்வைத் துளைகள்.

"என்ன நர்ஸம்மா, ட்ரேக்கு பிரஷர் பாக்கறீங்களா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வாத்தியார். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் விமான அருங்காட்சியகத்துக்கு வந்து சம்பளமில்லாமல் பழைய என்ஜின்களைப் பழுது பார்க்கும் இந்தச் சின்னக் கூட்டத்துக்கு அவர்தான் தலை.

"காய்ச்சல் இருக்கான்னு பாக்கறேன் சார்."

"இருக்கும், இருக்கும். எத்தனை வருஷமா பெட்டிக்குள்ள படுத்துக் கிடந்த ஆளு!"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் சிரிக்கவில்லை. ட்ரேயின் விளிம்பில் கை வைத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே விடாத மழை. தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் ஸ்பானர்களும் தொட்டால் சில்லென்றிருந்த நாள் அது.

ஆஸ்பத்திரியில் புண் கட்டும் அறையிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் அவள். அழுகிய கால் விரல்களையும், படுத்தே கிடந்து முதுகில் குழி விழுந்தவர்களையும், கட்டுப் பிரித்ததும் நெளியும் புழுக்களையும் பார்த்தவள். கூட வேலை பார்த்த பெண்கள் வெளியே ஓடி வாந்தியெடுத்தபோதும் அவள் முகம் சுளித்ததில்லை. சுளித்தால் படுத்திருப்பவன் பார்த்துவிடுவான் என்று பழகிய முகம். அந்த முகம் இப்போது தானாகச் சுளித்தது. ட்ரேயிலிருந்து எழுந்தது எண்ணெய் வாடை இல்லை. கட்டு மாற்ற மறந்துபோன புண்ணின் வாடை. இனிப்பும் புளிப்பும் கலந்து அடித்தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் வாடை.

அக்கம்பக்கம் பார்த்தாள். கந்தல் துணியை எடுத்து, ஆடையோடு சேர்த்து எல்லாவற்றையும் துடைத்து, பின்பக்கம் கழிவெண்ணெய் டிரம்மில் கொண்டுபோய்ப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் அவள் தம்பி.

மனைவி செத்துப்போனபின் அவன் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். வைத்த தட்டு வைத்தபடி இருக்கும். தாடியும் அழுக்கும் மண்டி, கூப்பிட்டால் திரும்பாமல், கல்லுக்குப் போர்வை போர்த்தியதுபோல் கிடந்தவனை அவள்தான் ஒரு சனிக்கிழமை, "சும்மா வந்து நில்லுடா, எனக்குத் துணைக்கு" என்று இழுத்து வந்தாள். அன்றைக்குத்தான் அந்த மரப்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக விரிந்து நிற்கும் என்ஜின், துருப்பிடிக்காமலிருக்க மேலெல்லாம் தடித்த மெழுகு பூசிக் கிடந்தது. செய்த இடத்திலிருந்து நேராகப் பெட்டிக்குள் போனது. ஒருநாளும் எந்த விமானத்திலும் ஏறியதில்லை. "அதனால பேய் பயம் வேண்டாம். இதுல யாரும் சாகல" என்று வாத்தியார் உத்தரவாதம் கொடுத்தார். தம்பி கிட்டப் போய் அந்த மெழுகின் மேல் உள்ளங்கையை வைத்தான். வைத்த கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றான். அன்று வீட்டுக்குப் போனதும், பசிக்குது அக்கா என்றான்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. தாடி போனது. உடம்பில் சதை பிடித்தது. கழுவாத கையால் ரொட்டியைப் பிய்த்து, என்ஜினைப் பார்த்துக்கொண்டே தின்பான்; விரலில் ஒட்டிய மெழுகையும் சேர்த்து நக்குவான். "சீ, கையைக் கழுவுடா எருமை" என்று திட்டுவாள். உள்ளுக்குள் சந்தோஷம்தான். தின்கிறானே.

இப்போது அந்த என்ஜினுக்குத்தான் கெடு வைத்திருந்தார்கள். அருங்காட்சியகத்தில் புதுக்கூடம் திறக்கும் நாளில் அது ஓடிக் காட்ட வேண்டும். ஏதாவது கோளாறு என்று தெரிந்தால் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுவோம், யாரும் தொட முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட அன்று தம்பியின் முகத்தில் ஒரு கணம் அந்த அறையின் சுவர் தெரிந்தது. அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

*

வட்ட என்ஜினில் ஒரு சங்கடம் உண்டு. மேலே இருக்கும் சிலிண்டர்களிலிருந்து எண்ணெய் வடிந்து, தலைகீழாகத் தொங்கும் அடிச் சிலிண்டரில் போய்த் தேங்கும். எண்ணெயை யாராலும் நசுக்க முடியாது. அது தேங்கியிருக்கும்போது என்ஜினைக் கிளப்பினால் உள்ளேயிருக்கும் தண்டு முறிந்து, இரும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே பாயும்; பக்கத்தில் நிற்பவன் உடம்பு அதற்குப் பெரிய தடையில்லை. அதனால் முதலில் என்ஜினின் முன்னால் இருக்கும் விசிறியைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். இடறினால் நிறுத்தி, அடிச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வடியவிடுவார்கள். எக்காரணம் கொண்டும் பின்பக்கம் சுற்றக் கூடாது. பின்னால் சுற்றினால் இடறல் உடனே போய்விடும், விசிறி வழுக்கிக்கொண்டு திரும்பும். ஆனால் தேங்கியது வெளியேறாது. காற்று வரும் குழாய்க்குள் ஏறி ஒளிந்துகொள்ளும்.

"விருந்தாளி வர்ற நேரத்துல குப்பையைப் பாய்க்கு அடியில தள்ளறோம் பாருங்க, அதுதான் பின்னாடி சுத்தறது" என்பார் வாத்தியார். "பாய் சும்மா இருக்கும். என்ஜின் சும்மா இருக்காது."

அடுத்த சனிக்கிழமை மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது அவள் தனியாக விசிறியைச் சுற்றிப் பார்த்தாள். பாதியில் இடறியது. இரும்பில் இரும்பு முட்டிய இடறல் இல்லை. தலையணையில் தலை அழுந்தியதுபோல் ஒரு நிறுத்தம். தகர டப்பா ஒன்றை அடியில் வைத்து, பிளக்கைக் கழற்றினாள்.

முதலில் பழுப்பு எண்ணெய் வந்தது. பிறகு நின்றது. துளைக்குள் ஏதோ புரண்டது. அப்புறம் வெளிறிய கொழகொழப்பு ஒன்று, பிதுக்கிய கட்டியிலிருந்து சீழ் இறங்குவதுபோல், விட்டு விட்டு இறங்கத் தொடங்கியது. நடுநடுவே மெல்லிய ஜவ்வு. ஆழமான புண்ணின் அடியில் செத்த சதை வெள்ளையாக உரிந்து நிற்குமே, அதே ஜவ்வு. அதை இடுக்கியால் பிடித்து எத்தனை தடவை உரித்திருக்கிறாள். டப்பாவில் அது விழுந்த சத்தம் சொட்டுச் சொட்டாகக் கேட்கவில்லை. மெல்லத் தின்னும் வாயின் சத்தமாகக் கேட்டது. டப்பாவின் பக்கங்கள் கையில் சூடேறின.

பிளக்கைத் திரும்பப் போட்டு இறுக்கினாள்.

"என்ன அக்கா, ஆயில் வருதா?" தம்பி டீத் தம்ளரோடு வாசலில் நின்றான்.

"கொஞ்சமா. வழக்கம்போலத்தான்."

"காட்டு."

"காட்டறதுக்கு என்ன இருக்கு, அழுக்கு ஆயிலு. நீ டீயைக் குடி, ஆறிடும்."

டப்பாவைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள். அவன் பார்வை டப்பாவின் மேலேயே இருந்தது. அவன் மூக்கு விடைத்தது. வாடை பிடித்துவிட்டதோ என்று பயந்தாள். ஆனால் அவன் முகம் சுளிக்கவில்லை.

அதன் பிறகு வாராவாரம் முதல் ஆளாக வந்து வடித்தாள். வாராவாரம் அது அதிகமாகியது, கெட்டிப்பட்டது. வீட்டில் எத்தனை தடவை சோப்பு போட்டாலும் நகக்கண்ணிலிருந்து வாடை போகவில்லை. சோற்றில் கை வைத்தால் பிசுபிசுப்பு விரலில் ஏறுவதுபோலிருக்கும். ஸ்பூனுக்கு மாறினாள். எதிரே உட்கார்ந்து தம்பி இரண்டாம் தடவை போட்டுத் தின்றான்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் ஒத்திகை. பிற்பகல் முழுவதும் மழை. கொட்டகைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. வாத்தியாரும், கூட்டத்தில் இன்னொருவரான லாரிக்காரரும் தீயணைப்பு உருளையை உருட்டி வரப் போயிருந்தார்கள். தம்பி பின்பக்கம் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருந்தான். அவள் விசிறியில் கை வைத்தாள்.

இடறியது. இந்தத் தடவை அசையவே இல்லை.

பிளக்கைக் கழற்ற ஸ்பானர் போட்டாள். சுற்றவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டதுபோல் இறுகியிருந்தது. உருளையின் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் நெருங்கியது. வாத்தியாரின் சிரிப்பும். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள். பார்ப்பார்கள். கண்ணாடிக் கூண்டு. பூட்டு. அறை. சுவர்.

அவள் விசிறியைப் பின்பக்கம் தள்ளினாள்.

வழுக்கிக்கொண்டு திரும்பியது. உள்ளே ஏதோ மொத்தமாகப் பெயர்ந்து, குழாயின் வளைவில் நெருங்கி, ஏறி, அடங்கியது. ஒரு பெரிய கவளத்தை விழுங்கும் தொண்டைபோல. அப்புறம் முன்பக்கம் சுற்றிப் பார்த்தாள். பட்டுப்போல் ஓடியது.

"இடறல் இருக்கா நர்ஸம்மா?"

"இல்ல சார்."

குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

*

தம்பி என்ஜினுக்குப் பக்கவாட்டில், நெம்புகோல்கள் வைத்த சின்ன மேடையில் நின்றான். தண்டு முறிந்தால் பாயும் பக்கம். அடிச் சிலிண்டரிலிருந்து அவன் நெஞ்சுக்குக் கை நீட்டும் தூரம்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லேன்டா."

"தள்ளி நின்னா எப்படிக்கா கிளப்பறது? வாயால ஊதியா?"

லாரிக்காரர் சிரித்தார். "விடுங்கம்மா, மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான்."

சொல்லிவிடலாம். பின்னால் சுற்றிவிட்டேன் சார், நிறுத்துங்க. ஒரே வாக்கியம். நாக்கு நுனிக்கு வந்தது. தம்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. வாக்கியம் திரும்பி உள்ளே போய்விட்டது.

ஸ்டார்ட்டர் முனகியது. விசிறி சுழன்றது. ஒரு சுற்று. இன்னொன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது. இப்போது முறியும்.

முறியவில்லை.

என்ஜின் இருமியது. புகைக்குழாயிலிருந்து புகைக்குப் பதில் கொழகொழப்பு பீறிட்டு, வாரியடித்து, நான்கு பேர் முகத்திலும் மார்பிலும் விழுந்தது. வெதுவெதுப்பு. உதட்டில் உப்பு. தொடர்ந்து ஒன்பது சிலிண்டர்களும் பிடித்துக்கொண்டன. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. காது கேட்காத இரைச்சலிலும் அவளுக்கு அடியில் ஒரு சத்தம் தனியாகக் கேட்டது. ஈரச் சதையை ஈரச் சதையில் அறைவதுபோல். சீராக. அழுத்தமாக. சிலிண்டர்களின் கணக்குக்குச் சேராத, நிதானமான ஒரு துடிப்பு.

தம்பி நெம்புகோலை இறக்கினான். விசிறி நின்றது. வாத்தியார் குதிக்காத குறை.

"ஓடிடுச்சுய்யா! ஓடிடுச்சு!"

"தூ!" என்று துப்பினார் லாரிக்காரர். சட்டைக் கையால் வாயைத் துடைத்துப் பார்த்தார். "என்ன சார் இது, கறுப்பே இல்ல? கஞ்சி மாதிரி இருக்கு."

"மெழுகு. பெட்டியில பூசினது உள்ள கொஞ்சம் நின்னிருக்கும். குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. வாங்க, அலுவலகத்துல போய்ச் சொல்லிட்டு வருவோம்."

இருவரும் ஒரே குடையில் ஓடினார்கள். தம்பி துடைத்துக்கொள்ளவில்லை. என்ஜினைப் பார்த்தபடி, மேலுதட்டை நாக்கால் மெல்லத் தடவினான்.

அவள் வெளியே குழாயடிக்கு ஓடினாள். முகத்தைக் கழுவினாள். கையைக் கழுவினாள். முழங்கைக்குக் கீழே விழுந்திருந்தது மட்டும் போகவில்லை. அதற்குள் ஆடை கட்டியிருந்தது. தண்ணீர் பட்டதும் அதில் புல்லரித்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தாள். சுரீரென்று வலித்தது. கட்டுத்துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டால் வருமே, அந்த வலி. உரித்த இடத்தில் பொட்டுப் பொட்டாக அவள் ரத்தம். கையில் தொங்கிய தோல் மெல்லச் சுருண்டு அவள் விரலைப் பற்றிக்கொள்ளப் பார்த்தது.

உதறினாள். மண்டியிட்டாள். வயிற்றிலிருந்த எல்லாவற்றையும் வாந்தியெடுத்தாள்.

எழுந்தபோது ஒன்று தீர்மானமாகியிருந்தது. சொல்லிவிட வேண்டும். நாளை கூட்டத்துக்கு நடுவே அவன் மறுபடி அந்த மேடையில் ஏறுவதற்குள். பூட்டட்டும். அறைக்குள் போனால் மறுபடி இழுத்து வரலாம். முன்னேயும் இழுத்து வந்தவள்தானே.

*

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். ஒரே ஒரு பல்பு. எண்ணெய் வாடை இல்லை, பெட்ரோல் வாடை இல்லை. அந்த வாடை மட்டும்.

தம்பி என்ஜினுக்கு அடியில் முக்காலி போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெந்நீர் வாளி, ஆவி பறந்தது. கழற்றிய போல்ட்டுகள் துணிமேல் வரிசையாக இருந்தன. அடிச் சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயை அவன் கழற்றியிருந்தான்.

"தம்பி. நான் ஒண்ணு சொல்லணும்டா."

"ம்."

"பின்பக்கம் சுத்திட்டேன். இடறுச்சு, பயந்துட்டேன். எல்லாம் குழாய்க்குள்ள ஏறிடுச்சு. நாளைக்கு இதைக் கிளப்பக் கூடாது. உள்ள இருக்கறது ஆயில் இல்லடா. நான் வாராவாரம் வடிச்சுக் கொட்டிட்டு..."

"தெரியும் அக்கா."

அவன் தோள்கள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. கை மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே போய்வந்தது.

"நீ கொட்டினதை டிரம்ல போய்த் தேடினேன். கையை விட்டுத் துழாவினேன். எல்லாம் கலங்கிப் போயிருந்துச்சு. எவ்வளவு அழுதேன் தெரியுமா? அரையும் குறையுமா வந்தவளை வடிச்சு வடிச்சு ஊத்திட்டியே அக்கா." குரலில் கோபமில்லை. "ஆனா பரவாயில்ல. இந்தத் தடவை நீ வடிக்கல. உள்ளேயே தள்ளிட்டே. அதான் முழுசா வந்துட்டா."

"யாருடா?"

அவன் முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தினான்.

குழாயின் வாயிலிருந்து, பல்பு வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டு, தரை தொடும் நீளத்துக்குக் கூந்தல் தொங்கியது. ஈரக் கூந்தல். வெளிறிய கொழுப்பு திரி திரியாக அதிலிருந்து வழிந்து வாளியில் விழுந்துகொண்டிருந்தது. தம்பியின் கையில் சீப்பு.

"குளிச்சிட்டு வந்து துவட்டுவாளே, அந்த வாசனை வருது பாரு."

வரவில்லை. அவளுக்குப் புண் வாடைதான் வந்தது. ஓட வேண்டும் என்று கால்களுக்குத் தெரிந்தது. ஷட்டர் பின்னால்தான் இருந்தது.

"கொஞ்சம் மேல பிடிச்சுக்கோ அக்கா. சிக்கு எடுக்கணும். இழுத்தா அவளுக்கு வலிக்கும்."

அவன் அண்ணாந்து பார்த்தான். கொழுகொழுவென்று, நிறைவாக, உயிரோடு இருந்தது அந்த முகம். மாட்டேன் என்று சொன்னால் அது என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

கையை நீட்டினாள்.

கூந்தல் சூடாக இருந்தது. வேர்ப்பக்கம் பிடிக்க வேண்டும் என்று விரல்களை மேலே கொண்டுபோனாள். குழாயின் விளிம்பு. விளிம்புக்கு உள்ளே. வழுவழுப்பு. மெத்தென்று, பிறந்த குழந்தையின் உச்சிபோல் எலும்பு கூடாத ஓர் இடம். அது துடித்தது.

"பிடிச்சியா?"

"பிடிச்சேன்டா."

சீப்பு இறங்கியது. ஏறியது. அவள் விரல்களுக்கு அடியில், கை நுழைய மட்டும் இடமிருந்த அந்த இரும்புக் குழாய்க்குள், அது நெருக்கியடித்துக்கொண்டு மெல்லத் திரும்பத் தொடங்கியது. காது மடல் ஒன்று விரல்களைத் தாண்டிப் போனது. கன்னம் போனது. பிறகு அவள் உள்ளங்கையில், ஈரமாக, பல் முளைக்காத ஒரு வாய் திறந்து சப்பத் தொடங்கியது.